ஒரு செக்கு, நான்கு திட்டங்கள்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு நாள் இரவு அழைத்தாள். மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கப் போகிறாளாம். "அண்ணா, 35 சதவீதம் மானியம் தருகிற திட்டத்தில் சேரட்டுமா, 25 சதவீதம் தருகிற திட்டத்தில் சேரட்டுமா?" என்று கேட்டாள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நானும் அப்போது நினைத்தேன். 35 பெரியது, 25 சிறியது. ஆனால் எல்லாக் கணக்கையும் போட்டு முடித்தபோது அவள் கைக்கு வருவது மொத்தச் செலவில் 22 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அதற்கு எந்தத் திட்டமும் காரணமில்லை, அவள் செய்த ஒரு காரியம்தான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. "அரசு மானியம்" என்றதும் ஒரு காசோலை வரும், அதை வைத்துத் தொழில் தொடங்கலாம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. சிறுதொழிலுக்கு அப்படி ஒன்று ஏறக்குறைய இல்லை. தமிழ்நாட்டில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் அணுகக்கூடிய பெரிய மானியத் திட்டங்கள் எல்லாமே வங்கிக் கடனோடு பிணைந்தவை. கடன் இல்லையென்றால் மானியமும் இல்லை. கடன் வாங்காமல் கிடைக்கும் பணம் என்றால் தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நிறுவனம் நடத்தும் டான்சீட் ஆதார நிதியைச் சொல்லலாம். 10 லட்சம் ரூபாய், பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கு 15 லட்சம். ஆனால் அதற்குப் பதிலாக நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கு போய்விடும். புதுமையான தொழில்நுட்பமோ வேகமாக வளரும் வணிக மாதிரியோ உள்ளவர்களுக்கானது அது. எண்ணெய் ஆட்டுகிறவர் அந்த வரிசையில் நின்று பயனில்லை.

ஆகவே எந்த மானியம் நல்லது என்ற கேள்வியை எந்தக் கடன் நமக்குப் பொருந்தும் என்று மாற்றிக் கேட்பதே சரி. மானியம் அந்தக் கடனின் வாலில் தொங்குவது.

தங்கையின் திட்ட மதிப்பு 12 லட்சம் ரூபாய். இரண்டு செக்கு, வடிகட்டும் இயந்திரம், பாட்டிலில் நிரப்பி மூடும் கருவி, மின் இணைப்பு, கொட்டகை வேலை எல்லாம் சேர்த்து 9.5 லட்சம். கடலையும் கொப்பரையும் எள்ளும் வாங்கிப் போட நடைமுறை மூலதனம் 2.5 லட்சம். இந்த ஒரே காகிதத்தை நான்கு திட்டங்களுக்குள் நுழைத்துப் பார்த்தோம்.

முதலாவது, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். ஊரில் எல்லோரும் பி.எம்.இ.ஜி.பி. என்றுதான் சொல்கிறார்கள். 2008இல் வந்தது. காதி கிராமத் தொழில் ஆணையம் பொறுப்பு, விண்ணப்பம் இணையத்தில். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். மானியம் யார், எங்கே என்பதைப் பொறுத்தது. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25. பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோர் சிறப்புப் பிரிவு. அவர்களுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. கையிலிருந்து போடவேண்டியது பொதுப் பிரிவுக்கு 10 சதவீதம், சிறப்புப் பிரிவுக்கு 5.

தங்கை பெண், கிராமத்தில் இருக்கிறாள். 12 லட்சத்தில் 35 சதவீதம் என்றால் 4.2 லட்சம். கையிலிருந்து 60,000 போட்டால் போதும். வருமான உச்சவரம்பு இல்லை, வயது உச்சவரம்பும் இல்லை. உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், அவள் பட்டதாரி. காகிதத்தில் இதைவிட அழகான திட்டம் வேறில்லை.

ஆனால் அந்த 4.2 லட்சம் அவள் கைக்கு வராது. வங்கி திட்ட மதிப்பில் 95 சதவீதத்தை, அதாவது 11.4 லட்சத்தைக் கடனாகத் தரும். மானியப் பணம் அதே வங்கியில் அவள் பெயரில் வைப்புத்தொகையாக மூன்று ஆண்டுகள் முடங்கிக் கிடக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. கடனில் அதற்கு ஈடான பகுதிக்கும் வங்கி வட்டி போடக்கூடாது. மூன்று ஆண்டு கழித்து, தொழில் ஓடுகிறது என்று நேரில் வந்து பார்த்து உறுதிசெய்த பிறகே கடனில் கழிக்கப்படும். இடையில் தொழிலை மூடினால் மானியம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

பலரும் படிக்காமல் விடும் விதி ஒன்றும் இதில் இருக்கிறது. நடைமுறை மூலதனமாகப் பெற்ற, தேவைக்கு எடுத்துத் திருப்பிக் கட்டும் ரொக்கக் கடன் வரம்பை அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு முறையாவது முழுமையாகத் தொட்டிருக்கவேண்டும், சராசரியாக 75 சதவீதமாவது பயன்படுத்தியிருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தப் பகுதிக்கான மானியத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். திட்ட மதிப்பைப் பெரிதாக்க வேண்டும் என்பதற்காகவே நடைமுறை மூலதனத்தை ஊதிப் போடுகிறவர்கள் இந்த இடத்தில் மாட்டுவார்கள். சிக்கனமாக இருந்து கடனைத் தொடாமல் வைத்ததற்காகத் தண்டனையா என்று தங்கை கேட்டாள். ஆமாம், ஏறக்குறைய அப்படித்தான்.

இரண்டாவது, மாநில அரசின் வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், யு.ஒய்.இ.ஜி.பி. திட்ட மதிப்பு 15 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். தங்கைக்கு 3 லட்சம் வரும். கையிலிருந்து அதே 60,000. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 5 லட்சத்தைத் தாண்டக்கூடாது, வயது வரம்பும் உண்டு. உற்பத்திக்கு மட்டும் பார்த்தால் பி.எம்.இ.ஜி.பி.யின் தம்பி போலத் தோன்றும். இதன் தனிச்சிறப்பு வேறு: வாங்கி விற்கும் வியாபாரத்துக்கும் இதில் இடம் உண்டு. மளிகைக் கடையோ உதிரிபாகக் கடையோ போட நினைப்பவர் பி.எம்.இ.ஜி.பி. அலுவலகத்தில் நின்று நேரத்தை வீணாக்காமல் இங்கே வரலாம்.

மூன்றாவது, நீட்ஸ். முழுப் பெயர் புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம். மருத்துவ நுழைவுத் தேர்வின் பெயரை நினைவூட்டுவதால் இந்தப் பெயரைச் சொன்னதுமே வீட்டில் எல்லோரும் ஒரு கணம் விழித்தார்கள். இதுவும் மாநில அரசுத் திட்டமே. 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம். இதோடு வட்டியில் 3 சதவீதத்தை அரசே ஏற்கும். முதல் தலைமுறைத் தொழில்முனைவோராக இருக்கவேண்டும், கல்வித் தகுதி உண்டு, தொழில்முனைவோர் பயிற்சி கட்டாயம். தங்கையின் கணக்கில் மானியம் 3 லட்சம். மானியமும் சொந்தப் பங்கும் போக நிற்கும் கடன் 8.4 லட்சம், அதில் 3 சதவீத வட்டிச் சலுகை என்றால் முதல் ஆண்டில் ஏறக்குறைய 25,000 ரூபாய், பிறகு அசல் குறையக் குறைய அதுவும் குறையும். ஐந்து ஆண்டுகளில் கூட்டினாலும் பி.எம்.இ.ஜி.பி.யின் கூடுதல் 1.2 லட்சத்தை எட்டாது. இவ்வளவு சிறிய தொழிலுக்கு நீட்ஸ் கொஞ்சம் பெரிய சட்டை.

நான்காவது, பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம், பி.எம்.எஃப்.எம்.இ. 2020இல் தொடங்கியது. உணவுத் தொழிலுக்கு மட்டும். 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். நகரமா கிராமமா, ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. கையிலிருந்து 10 சதவீதம் போடவேண்டும். இங்கேயும் 35 என்று எழுதியிருப்பதால் 4.2 லட்சம் என்று தங்கை கணக்குப் போட்டுவிட்டாள். ஆனால் இது மூலதனச் செலவுக்கான மானியம். கடலையும் எள்ளும் வாங்கும் பணத்துக்கு இதில் மானியம் கிடையாது. 9.5 லட்சத்துக்கு மட்டும் 35 சதவீதம் பார்த்தால் 3,32,500 ரூபாய். கட்டட வேலை அந்தச் செலவில் 30 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. மொத்த மதிப்பின் மீது கணக்கிட்டால் இது 28 சதவீதம்கூட இல்லை. ஒரே 35, இரண்டு திட்டங்களில் இரண்டு தொகை. விளம்பரச் சுவரொட்டியில் இந்த வேறுபாடு தெரியாது.

ஆக, முடிவு தெளிவு என்று நினைத்தோம். மானியத் தொகைப்படி பி.எம்.இ.ஜி.பி. முதலிடம், பி.எம்.எஃப்.எம்.இ. இரண்டாமிடம், நீட்ஸும் யு.ஒய்.இ.ஜி.பி.யும் பின்னால். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தை நிரப்ப அவள் வீட்டுக்கே போனேன். மாட்டுக் கொட்டகைக்கு அடுத்த ஓட்டுக்கூரையின் கீழ் ஒரு செக்கு ஓடிக்கொண்டிருந்தது. எள்ளுருண்டை வாசம் கூடம் வரை வந்தது.

"இது எப்போது வாங்கினாய்?"

"இரண்டு மாதம் ஆகிறது அண்ணா. நகையை அடகு வைத்து வாங்கினேன். 2 லட்சம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் செய்துவிட்டேன். மானியம் வாங்க அது கட்டாயம் என்று கணினி மையத்தில் சொன்னார்கள்."

அவ்வளவுதான், கதவு சாத்தியாகிவிட்டது. பி.எம்.இ.ஜி.பி.யில் முதல் முறை தரும் கடன் புதிய தொழிலுக்கு மட்டும் உரியது. ஏற்கெனவே ஓடும் தொழிலுக்கு, ஏற்கெனவே வாங்கிய இயந்திரத்துக்கு அதில் இடமில்லை. நீட்ஸும் யு.ஒய்.இ.ஜி.பி.யும் இனிமேல் தொடங்கப்போகும் தொழிலை நினைத்து எழுதப்பட்டவைதான். செக்கு ஓடுகிறது, எண்ணெய் விற்கிறது, பதிவுச் சான்றில் தொழில் தொடங்கிய தேதி அச்சாகியிருக்கிறது. மறைக்கவும் முடியாது, மறைக்கவும் கூடாது.

இந்த ஒரு வரிசைப் பிழை எத்தனை வீடுகளில் நடக்கிறது தெரியுமா? முதலில் தொழிலைத் தொடங்கி, நன்றாக நடக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மானியத்துக்குப் போவோம் என்பது நம் ஊரின் நியாயமான எச்சரிக்கை. திட்டங்களின் விதியோ இதற்கு நேர் எதிர். முதலில் விண்ணப்பம், பிறகு ஒப்புதல், பிறகே இயந்திரம். எச்சரிக்கையாக இருப்பவர்களுக்குக் குறைவாகவும் துணிந்து கடனில் குதிப்பவர்களுக்கு அதிகமாகவும் கொடுக்கும்படி யாரும் திட்டமிட்டு எழுதியிருக்கமாட்டார்கள். ஆனால் விளைவு அப்படித்தான் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டு மாதம் செக்கு ஓட்டிப் பார்த்தவளைவிட ஓட்டிப் பார்க்காதவளுக்கு எதற்காக அதிக மானியம்?

கோபத்தை ஓரம் வைத்துவிட்டு, ஓடும் தொழிலுக்கு எவை திறந்திருக்கின்றன என்று பார்த்தோம்.

பி.எம்.எஃப்.எம்.இ. திறந்திருந்தது. அந்தத் திட்டமே ஏற்கெனவே வீட்டோரத்தில் நடக்கும் சிறு உணவுத் தொழில்களை மேம்படுத்த வந்தது. ஆனால் வாங்கிவிட்ட செக்குக்கு அதில் பணம் கிடைக்காது. இனி வாங்கப்போகும் இரண்டாவது செக்கு, வடிகட்டி, நிரப்பும் கருவி, மின் வேலை என 7.5 லட்சத்துக்கு மட்டும். 35 சதவீதம் என்றால் 2,62,500. கையிலிருந்து 75,000. நடைமுறை மூலதனம் தனியாக, மானியம் இல்லாத கடனாக. முன்பு காகிதத்தில் பார்த்த 4.2 லட்சத்தோடு ஒப்பிட்டால் அந்த அவசரச் செக்கு அவளுக்கு 1,57,500 ரூபாய் இழப்பு. செக்கின் விலையில் முக்கால் பங்குக்கு மேல்.

இன்னொன்று மாநில அரசின் மூலதன மானியம். உற்பத்தியில் இருக்கும் குறுநிறுவனம் தமிழ்நாட்டில் எங்கிருந்தாலும் இயந்திர மதிப்பில் 25 சதவீதம் கேட்கலாம். குறுநிறுவனத்தைவிடப் பெரியவை என்றால் பின்தங்கிய வட்டாரங்களில் இருக்கவேண்டும், அல்லது சிறப்பு வகைத் தொழிலாகவோ வேளாண் சார்ந்த தொழிலாகவோ இருக்கவேண்டும். இயந்திரத்தை வாங்கி, உற்பத்தியைத் தொடங்கிய பிறகு கேட்கும் மானியம் இது என்பதால் தங்கை போன்றவர்களுக்கு மிகவும் பொருந்தும். தகுதியற்ற தொழில்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். இதோடு தாழ்வழுத்த மின் இணைப்புக்கு மூன்று ஆண்டுகளுக்கு மின்கட்டணத்தில் 20 சதவீதம் திரும்பக் கிடைக்கும் சலுகையும் இருக்கிறது. தொகை சிறிதாகத் தெரிவதால் யாரும் கேட்டுப் போவதில்லை. செக்கு ஓட்டுகிறவருக்கு மின்கட்டணம் சிறிதல்ல.

மூன்றாவது வழி முத்ரா, மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டம். இதில் மானியமே இல்லை. 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ் என்று 2024இல் சேர்த்தார்கள். சொத்துப் பிணை கேட்கமாட்டார்கள். மானியம் இல்லாத கடனை எதற்கு இந்த ஒப்பீட்டில் சேர்க்கிறாய் என்று கேட்கலாம். காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதால்தான். கடலை அறுவடையின்போது கையில் பணம் இருந்தால் களத்து விலைக்கு வாங்கலாம். மானியக் கடனுக்குக் காத்திருந்து நான்கு மாதம் கழித்து வியாபாரியிடம் வாங்கினால் மூட்டைக்கு மூட்டை கொடுக்கும் கூடுதல் விலை, மானியத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். சரக்கு வாங்க மட்டுமே பணம் தேவைப்படுகிறவருக்கும் 2, 3 லட்சத்துக்குள் முடிகிற தொழிலுக்கும் நான் முத்ராவையே சொல்வேன். மானியத்துக்காக ஓர் ஆண்டு அலைந்து, கடைசியில் தொழிலே தொடங்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தங்கையின் கதையை இங்கே நிறுத்திவிட்டு, அவளைப் போல இல்லாதவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள்.

கோவை நகருக்குள் 60 லட்சத்தில் கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம் போடும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு இளைஞரை எடுத்துக்கொள்வோம். நகரம் என்பதால் பி.எம்.இ.ஜி.பி.யில் அவருக்கு 25 சதவீதம்தான், அதுவும் 50 லட்சம் வரை மட்டுமே, மானியம் 12.5 லட்சத்தோடு நின்றுவிடும். நீட்ஸில் 60 லட்சத்துக்கும் 25 சதவீதம் என்பதால் 15 லட்சம். அதன் மேல் 3 சதவீத வட்டிச் சலுகை. 5 சதவீதச் சொந்தப் பங்கும் மானியமும் போக நிற்கும் 42 லட்சத்துக்கு முதல் ஆண்டே ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம். தங்கைக்குப் பெரிதாக இருந்த சட்டை இவருக்கு அளவெடுத்துத் தைத்தது. பொதுப் பிரிவினராக இருந்தால் வேறுபாடு இன்னும் பெரிது: பி.எம்.இ.ஜி.பி.யில் 7.5 லட்சம், நீட்ஸில் 15 லட்சம். நகரமும் பெரிய இயந்திரமும் சேர்ந்தால் நீட்ஸ், கிராமமும் சிறு தொழிலும் சேர்ந்தால் பி.எம்.இ.ஜி.பி. என்று மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பார்க்கவேண்டும். மாநில அரசு 2023இல் கொண்டுவந்தது. ஊர் எதுவானாலும் 35 சதவீத மானியம், உச்சவரம்பு 1.5 கோடி, வட்டியில் 6 சதவீதம் அரசு ஏற்கும். கல்வித் தகுதி கிடையாது. உற்பத்தி, சேவை, வியாபாரம் மூன்றுக்கும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை விரிவாக்கவும் கேட்கலாம். மேலே சொன்ன ஒவ்வொரு திட்டமும் எங்கெங்கே கதவைச் சாத்துகிறதோ, அங்கெல்லாம் இது திறந்திருக்கிறது. இத்தனை இருந்தும் ஊர்ப்புறத்தில் இதன் பெயர் தெரிந்தவர்களைவிடப் பி.எம்.இ.ஜி.பி. தெரிந்தவர்களே அதிகம்.

தச்சர், கொல்லர், மண்பாண்டம் செய்பவர், தையற்காரர் போன்றவர்களுக்கு இரண்டு பெயர்கள் குழப்பத்தைக் கொடுக்கும். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் வந்தது. 18 தொழில்கள், 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு 2 லட்சம். குடும்பத் தொழிலோடு பிணைக்கும் விதியை ஏற்க மறுத்துத் தமிழ்நாடு அரசு அதை இங்கே நடைமுறைப்படுத்தவில்லை. மாற்றாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. சாதியும் குடும்பத் தொழிலும் கேட்காமல் 25 வகைக் கைத்தொழில்கள், 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், ஆனால் 50,000க்கு மேல் போகாது, வட்டியில் 5 சதவீதச் சலுகை. 35 வயது நிரம்பியிருக்கவேண்டும். கைப்பேசியில் வரும் விஸ்வகர்மா விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மாவட்ட அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

இனி எல்லாத் திட்டத்துக்கும் பொதுவான ஆள், வங்கிக் கிளை மேலாளர்.

மாவட்டத் தொழில் மையம் பரிந்துரைக்கும், கடனைத் தீர்மானிப்பது வங்கி. சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு நண்பருக்காக விண்ணப்பம் போட்டுக் கொடுத்தபோது, தொழில் மையத்தின் பரிந்துரை பத்து நாளில் போய்விட்டது. வங்கிக் கிளையில் அது நான்கு மாதம் தூங்கியது. பிறகு, "உங்கள் பகுதி எங்கள் கிளையின் எல்லைக்குள் வராது" என்று ஒரு வரியில் திரும்பி வந்தது. அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். முதல் நாளே நாங்களும் கேட்டிருக்கலாம். அன்றிலிருந்து என் வழக்கம் இதுதான்: விண்ணப்பத்தில் வங்கியின் பெயரை எழுதுவதற்கு முன், அந்தக் கிளைக்கு நேரில் போய் மேலாளரிடம் திட்டத்தைச் சொல்வது. அவர் முகம் மலராவிட்டால் வேறு கிளை. ஏற்கெனவே கணக்கு வைத்துப் பணம் புழங்கும் கிளையாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு திட்டத்தில் 10 சதவீதம் மானியம் குறைவு, ஆனால் மேலாளர் விருப்பத்தோடு எடுத்துக்கொள்கிறார் என்றால் நான் அந்தக் குறைந்த மானியத்தையே எடுப்பேன்.

20 லட்சம் வரையிலான (2026 மார்ச் வரை 10 லட்சம்) குறு, சிறு தொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேலும் கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளை என்ற அமைப்பின் கீழ் பிணையில்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. இருந்தாலும் "வீட்டுப் பத்திரம் இருக்கிறதா?" என்ற கேள்வி வரும். சண்டை போடாமல், "உத்தரவாத நிதியில் சேர்த்துக் கொடுங்கள் சார், அதற்கான கட்டணத்தை நான் கட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். விவரம் தெரிந்தவர் என்று தெரிந்ததும் பேச்சின் தொனி மாறும்.

இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உத்யம் பதிவு இலவசம். பி.எம்.இ.ஜி.பி. விண்ணப்பம் இலவசம். பி.எம்.எஃப்.எம்.இ.யில் விண்ணப்பத்தையும் திட்ட அறிக்கையையும் தயாரித்துக் கொடுக்க மாவட்ட வள அலுவலர் என்று ஒருவரை அரசே அமர்த்தியிருக்கிறது. ஒரு கடன் முடிந்தால் அவருக்கு அரசு 20,000 ரூபாய் கொடுக்கிறது, பாதி கடன் ஒப்புதலானதும், மீதி பதிவுகளும் பயிற்சியும் முடிந்ததும். நீங்கள் அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுக்கலாம், அதற்கு மேல் தேவையில்லை. மானியத்தில் பத்து சதவீதம் கொடுங்கள், எல்லாம் முடித்துத் தருகிறேன் என்று வருகிறவரால் வங்கி மேலாளரின் மனத்தை மாற்ற முடியாது. உங்கள் ஆதாரும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியில் வரும் ரகசிய எண்ணும்தான் அவரிடம் போகும்.

அதைவிட நுட்பமான ஆசை ஒன்று இயந்திர விற்பனையாளரிடமிருந்து வரும். "7 லட்சம் இயந்திரத்துக்கு 9 லட்சம் என்று விலைப்புள்ளி தருகிறேன், உங்கள் சொந்தப் பங்கு அதிலேயே அடங்கிவிடும்." கேட்க இனிக்கும். நேரில் பார்க்க வருகிறவர் இயந்திரத்தின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு போய் இணையத்தில் விலை பார்த்தால் முடிந்தது. அது பிடிபடாவிட்டாலும், இல்லாத 2 லட்சத்துக்கு ஏழு ஆண்டு வட்டி கட்டப்போவது விற்பனையாளரல்ல.

எண்களைப் பற்றி ஒரு குறிப்பு. வரம்புகள் அரசாணைக்கு அரசாணை மாறுகின்றன. பி.எம்.இ.ஜி.பி.யும் பி.எம்.எஃப்.எம்.இ.யும் 2025-26 நிதியாண்டு வரை ஒப்புதல் பெற்றிருந்தவை, இப்போது நடப்பில் உள்ளனவா என்று முதலில் கேளுங்கள். விண்ணப்பிக்கும் அன்று நடப்பிலிருக்கும் விதியை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு கணக்குப் போடுங்கள். பொது மேலாளரைப் பார்க்க முடியாவிட்டாலும் அங்கே உதவிப் பொறியாளர்களில் ஒருவர் பொறுமையாகச் சொல்லக்கூடியவராக இருப்பார், அவரைக் கண்டுபிடியுங்கள்.

தங்கை கடைசியில் பி.எம்.எஃப்.எம்.இ.யைத் தேர்ந்தெடுத்தாள். மூலதன மானியத்தில் இயந்திரத்தை முதலில் சொந்தப் பணத்தில் வாங்கவேண்டியிருந்தது. அடகு வைக்க இனி நகை இல்லை. முத்ரா போதும் என்று அவள் கணவர் சொன்னார். 2,62,500 ரூபாயை விட அவளுக்கு மனம் வரவில்லை. வள அலுவலர் ஒரு வாரத்தில் திட்ட அறிக்கையை முடித்துக் கொடுத்தார். வழக்கமாக அவள் சீட்டுப் பணம் போடும் கிளையே கடனை எடுத்துக்கொண்டது. ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த அன்று மாலையே அழைத்தாள்.

"அண்ணா, செக்குக்கு முன்பணம் அனுப்பிவிடட்டுமா? இந்த வாரம் அனுப்பினால் 10,000 குறைத்துத் தருகிறார்களாம்."

"வங்கியிலிருந்து நேராக அவர்கள் கணக்குக்குப் போகட்டும். நீ ஒரு ரூபாயும் அனுப்பாதே" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் பழைய செக்கு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.